"இந்த வயசுல ஆப்பிரிக்காவா?" என்று கேட்பவர்களுக்கு



செய்தி எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றி முடித்துவிட்டது என்று தெரியும். ஆமாம், உண்மைதான். அடுத்த வருஷம் ஜூன் மாதம் எங்கள் பழைய பொலிரோவைக் கப்பலில் ஏற்றி, கென்யாவில் மொம்பாசா துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் வரை நானும் எங்க வீட்டுக்காரரும் ஓட்டிக்கொண்டு போகப் போகிறோம். ஐந்து நாடு, நூறு நாள். எனக்கு 63, அவருக்கு 66.

ஒரு வாரமாகப் போன் ஓயவில்லை. "டீச்சர், நிஜமாவா?" என்று கேட்கிற பிள்ளைகள் ஒரு பக்கம். "உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?" என்று கேட்கிற நாத்தனார், கொழுந்தனார், சின்னம்மா, சித்தப்பா இன்னொரு பக்கம். தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நாற்பது நிமிஷப் பாடவேளை உட்கார்ந்து கேட்டவர்கள்தானே நீங்கள், இதையும் படியுங்கள்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இது அனுமதி கேட்கும் விண்ணப்பம் அல்ல. பணியில் இருந்தவரை வெளிநாடு போக வேண்டுமென்றால் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஓய்வு பெற்றவருக்கு அந்தச் சான்று தேவையில்லை என்று அரசாங்கமே விட்டுவிட்டது. குடும்பம் மட்டும் ஏன் புதிதாக ஒரு அலுவலகம் திறந்து உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

வந்த ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"வயசாயிடுச்சு, உடம்பு தாங்குமா?"

நியாயமான கேள்வி. ஆனால் கேட்கிறவர்களைப் பார்க்கிறேன். போன வருஷம்தான் ஒரு உறவுக்காரர் தன் 67 வயது அம்மாவை மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா அனுப்பினார். சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு, ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. தனியாகப் போய், நடுவில் விமானம் மாறி, ஆறு மாசம் குளிரில் இருந்து, சமைத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, துணி மடித்து வைத்துவிட்டு வந்தார். அப்போது யாரும் "இந்த வயசுல அமெரிக்காவா?" என்று கேட்கவில்லை. "கொடுத்து வெச்சவங்க" என்றுதான் சொன்னார்கள்.

நம் ஊர்ப்பக்கத்திலிருந்து எத்தனை பேர் துபாய்க்கும் சவூதிக்கும் போய் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் கட்டட வேலை பார்க்கிறார்கள்? அந்த ஆப்பிரிக்காவுக்கே, ஒரு காலத்தில் எத்தியோப்பியா, நைஜீரியா, சாம்பியா என்று இந்திய ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போனவர்கள் நிறைய. அவர்களை யாரும் தடுக்கவில்லை, மாலை போட்டு வழியனுப்பினார்கள்.

நான் புரிந்துகொண்டது இதுதான். போகிற இடத்திலிருந்து சம்பளம் வந்தால் ஆபத்து இல்லை. போகிறவரால் யாருக்காவது வேலை நடந்தால் வயது தடையில்லை. தனக்காக, பார்க்க ஆசைப்பட்டு ஒருவர் கிளம்பினால் மட்டும் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிங்கம், கொள்ளைக்காரன் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்துவிடுகிறது. உங்கள் கவலை பொய் என்று சொல்லவில்லை. அது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

எங்க வீட்டுக்காரர் அரசுப் பேருந்து ஓட்டுநர். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் இருக்கிற 20 கொண்டை ஊசி வளைவையும் மழையிலும் பனிமூட்டத்திலும் 27 வருஷம் ஏறி இறங்கியவர். உங்களில் பாதிப் பேர் அந்தப் பேருந்தில் தூங்கிக்கொண்டே சேலத்துக் கல்லூரிக்குப் போனீர்கள். அறுபது பேர் உயிரை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குறட்டை விட்டவர்கள், இன்றைக்கு இரண்டே பேரோடு அவர் நேர்ச்சாலையில் போகப் போகிறார் என்றதும் பதறுகிறீர்கள்.

ஓட்டுநர் உரிமம் பற்றிச் சட்டம் இந்த வயதுக் கேள்வியை ஏற்கெனவே கேட்டுவிட்டது. 55 வயதைத் தாண்டியவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும். இருவரும் புதுப்பித்துவிட்டோம். அதை வைத்துப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வருஷம் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கலாம். கண், இதயம், சர்க்கரை மூன்றும் பார்த்தாகிவிட்டது.

2019-இல் மும்பையைச் சேர்ந்த பத்ரி பால்டவா என்பவர் மனைவியையும் பத்து வயதுப் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு லண்டன் வரை கார் ஓட்டினார். 72 நாள், 19 நாடு. அப்போது அவருக்கு வயது 73. "அவர் பணக்காரர், நல்ல கார்" என்பீர்கள். பணத்துக்குக் கீழே வருகிறேன். இப்போது பேசுவது வயதைப் பற்றி.

"ஆப்பிரிக்கா ஆபத்தாச்சே!"

எந்த ஆப்பிரிக்கா? அது ஒரு ஊர் இல்லை, 54 நாடு. பரப்பளவு 3 கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல ஒன்பது இந்தியாவை உள்ளே வைக்கலாம். சூடானில் 2023 ஏப்ரலிலிருந்து போர் நடக்கிறது, அது உண்மை. ஆனால் சூடானில் போர் என்பதால் போட்ஸ்வானாவுக்குப் போகாதே என்பது, காபூலில் குண்டு வெடித்தது என்று ஏற்காடு கோடை விழாவை நிறுத்தச் சொல்வது போல. சரியாகச் சொன்னால், காபூல் நமக்கு இன்னும் பக்கம்.

கெய்ரோவிலிருந்து கேப் டவுன் வரை போவதுதான் பேர்பெற்ற வழி. அதை நாங்கள் எடுக்காததற்குக் காரணமே சூடான். எங்கள் வழி இது: மொம்பாசா, நைரோபி, அருஷா, டொடோமா, எம்பேயா, லுசாகா, லிவிங்ஸ்டன், கசுங்குலா பாலம், கபரோனே, ஜோஹன்னஸ்பர்க், டர்பன், கேப் டவுன். கென்யா, தான்சானியா, சாம்பியா, போட்ஸ்வானா, தென் ஆப்பிரிக்கா என்று ஐந்து நாடு. ஐந்திலும் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஐந்திலும் ஆங்கிலம் செல்லும். முன்பெல்லாம் சாம்பியாவிலிருந்து போட்ஸ்வானா போக சாம்பேசி ஆற்றில் மிதவையில் வண்டியை ஏற்றக் காத்துக் கிடக்க வேண்டும். 2021 மே மாதம் 923 மீட்டர் நீளப் பாலம் திறந்துவிட்டார்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை அந்தப் பக்கம் பெரும்பாலும் வறண்ட காலம், சாலை சேறாகாது. அதற்காகத்தான் ஜூன்.

தூரக் கணக்கும் போட்டுவிடுவோம். நேர்வழி சுமார் 7,000 கிலோமீட்டர். அங்கங்கே திரும்பிப் பார்ப்பதையும் சேர்த்து 8,000 என்று வையுங்கள். ஓட்டுகிற நாளில் 300 கிலோமீட்டருக்கு மேல் கிடையாது என்பது விதி. அப்படியானால் நூறு நாளில் ஓட்டுவது 27 நாள்தான். மீதி 73 நாள் ஒரு இடத்தில் தங்கி, துணி துவைத்து, சமைத்துச் சாப்பிட்டு, ஊரைப் பார்ப்பது. இதில் உடம்பு தேய எங்கே இடம்?

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பயப்படுகிற சிங்கமும் கொள்ளைக்காரனும் பட்டியலில் முதலில் இல்லை, சாலைதான் முதலில். மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தால் சாலை விபத்துச் சாவு உலகிலேயே அதிகம் உள்ள பகுதி ஆப்பிரிக்கா என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால்தான் மாலை ஐந்து மணிக்கு மேல் வண்டி நகராது. போட்ஸ்வானாவில் யானை சாலையைக் கடக்கும், தான்சானியாவில் விளக்கில்லாத லாரி நிற்கும். இரண்டும் இருட்டில்தான் ஆளைக் கொல்லும். நம் நாட்டிலும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் சாலையில் செத்திருக்கிறார்கள். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு. கல்யாணத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாகச் சேலத்திலிருந்து சென்னைக்கு ஓட்டிக்கொண்டு போகிற தம்பிமார்கள்தான் எனக்குச் சாலைப் பாதுகாப்பு சொல்கிறார்கள்.

இரண்டாவது, நோய். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்று இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பத்து நாள் கழித்துச் சான்று செல்லும், பிறகு ஆயுசுக்கும் போதும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல் தடவை போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். இந்த விஷயத்தை ஒரு வாரமாகப் பேசியவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் தெரிந்துகொண்டு, மருத்துவரிடம் எல்லா ரிப்போர்ட்டையும் காட்டிப் பேசி வருகிறோம். மலேரியாவுக்கு மாத்திரை, கொசுவலை. உண்மையான ஆபத்து இப்படித்தான் இருக்கும் கண்ணுகளா. அதற்குப் பேர் உண்டு, தேதி உண்டு, செய்ய வேண்டிய காரியம் உண்டு. "ஆபத்தாச்சே" என்று மொட்டையாகச் சொல்வதற்கு ஒன்றும் கிடையாது.

"அந்த ஊருக்குப் போய் என்ன பார்க்கப் போறீங்க?"

இதைக் கேட்டவர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அந்தக் காபி எங்கிருந்து வந்தது? சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தார். செடியின் சொந்த ஊர் எத்தியோப்பிய மலைக்காடு. சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாகக் களி கிண்டிச் சாப்பிட்ட கேழ்வரகு, கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துப் பயிர். சோளமும் அந்தக் கண்டத்தில்தான் முதலில் பயிரானது, கம்பும் அப்படித்தான். குழம்புக்குக் கரைக்கிற புளிக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அந்தக் கண்டத்தின் சோற்றை ஆயிரக்கணக்கான வருஷமாகச் சாப்பிட்டுவிட்டு, அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறோம்.

நம் ஆட்களும் அங்கே உண்டு. 1860-இல் மெட்ராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் கரையை அடைந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கப்பல் அது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள், அதில் பெரும்பகுதி மெட்ராஸ் வழியாகப் போனவர்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சரியாகத் தெரியாமல், கைக்குழந்தையோடு ஏறிய பெண்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் டர்பனில் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். தமிழ் பேச்சு பலருக்குப் போய்விட்டது, காவடி போகவில்லை. அதை நான் நேரில் பார்த்துப் பேச வேண்டும். கூலியாக நம்மவர்கள் போன ஊருக்கு, கையில் திரும்புகிற டிக்கெட்டோடு போவதற்கு எனக்கு என்ன பயம்?

மாணவர்களில் சிலர் அன்பாக ஒரு யோசனை சொன்னீர்கள்: "டீச்சர், ஏழு நாள் பேக்கேஜ் இருக்கு, மசாய் மாரா காட்டிக் கூட்டிட்டு வந்துடுவாங்க." நன்றிப்பா. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பாடத்தை ஒரு மணி நேரத்தில் நடத்தி முடிக்கச் சொன்னால் நான் நடத்துவேனா? கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர் என்று எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைப்பது ஒன்று. அதன் அடிவாரத்தில் நாலு நாள் தங்கி, அங்கே காபி பறிக்கிற பெண்ணுக்குக் கூலி எவ்வளவு, நம் எஸ்டேட்டில் எவ்வளவு என்று உட்கார்ந்து பேசுவது வேறொன்று. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

"அவ்வளவு பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டணுமா?"

இதுதான் மையம். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வந்தது. நேரடியாகக் கேட்டவர் ஒருவர்தான்: "அந்தக் காசுல சேலத்துல ஒரு மனை வாங்கிப் போட்டா பேரப்பிள்ளைக்கு ஆகும்ல?" அவருடைய நேர்மைக்கு நன்றி.

எங்கள் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தோம், கல்யாணம் செய்தோம், இருவரும் எங்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள். வீடு இருக்கிறது, கடன் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒரு தொகை வங்கியில் தனியாக இருக்கிறது, அதில் கை வைக்கப் போவதில்லை. மாத ஓய்வூதியத்திலும் கை வைக்கவில்லை. செலவு செய்யப் போவது என் பணிக்கொடையிலிருந்து. அது யார் கொடுத்த தர்மமும் இல்லை. 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியத்தைப் பற்றிச் சொன்னதும் அதுதான்: அரசு மனமிரங்கிப் போடும் பிச்சை இல்லை, செய்த பணிக்காக வந்து சேரும் உரிமை. அரசாங்கத்திடமே உரிமை என்று வாதாடி வாங்கிய பணத்தை, குடும்பத்திடம் மட்டும் சலுகை மாதிரி கேட்டு வாங்க வேண்டுமா?

இதில் ஒரு நியாயம் பேசியாக வேண்டும். என் மாணவர்களில் ஆசிரியர் ஆனவர்களுக்கு இந்த வசதி இல்லாமல் போனது எனக்குத் தெரியும். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களைப் பங்களிப்புத் திட்டத்துக்கு மாற்றினார்கள். அதற்காக நீங்கள் போராடிய ஒவ்வொரு தடவையும் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் எதற்காகப் போராடுகிறீர்கள்? கடைசிக் காலத்தில் யாரிடமும் கையேந்தாமல் நினைத்தபடி இருக்கத்தானே? கிடைத்தவர்களே அப்படி இருக்கத் துணியவில்லை என்றால், அந்தக் கோரிக்கைக்குத்தான் என்ன மரியாதை?

செலவைச் சுருக்கவும் வழி பார்த்திருக்கிறோம். வண்டியை வேறு நாட்டுக்குள் வரி கட்டாமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர 'கார்னே' என்ற சுங்க ஆவணம் வேண்டும், மும்பையில் உள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் தருகிறது. அதற்கு வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். தொகை வண்டியின் மதிப்பைப் பொறுத்தது. அதனால்தான் புது வண்டி வாங்காமல் பழைய பொலிரோ. வண்டி ஒழுங்காகத் திரும்பி வந்தால் உத்தரவாதமும் திரும்பி வரும். கென்யா, தான்சானியா, சாம்பியா மூன்றுக்கும் சேர்த்து கொமேசா மஞ்சள் அட்டை என்று ஒரே வாகனக் காப்பீடு உண்டு. வண்டிக்குள்ளேயே படுக்கை, கேஸ் அடுப்பு. அவர் ரசம் வைப்பார், நான் வைப்பதைவிட நன்றாகவே இருக்கும்.

இனி, "பணக்காரர்கள் செய்கிற வேலை" என்பதற்கு வருகிறேன். கொச்சி கடவந்திராவில் பாலாஜி காபி ஹவுஸ் என்று ஒரு சின்ன டீக்கடை. விஜயன், மோகனா என்ற கணவன் மனைவி நடத்தினார்கள். தினம் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள், போதாததற்கு வங்கியில் கடன் வாங்குவார்கள், போய் வந்து டீ விற்று அடைப்பார்கள், மறுபடி கிளம்புவார்கள். 2007-இல் தொடங்கி இருபத்தைந்து நாட்டுக்கு மேல் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா போய்த் திரும்பினார்கள், நவம்பரில் விஜயன் மாரடைப்பில் காலமானார், வயது 71. "பார்த்தீங்களா, போனதால செத்துட்டார்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். போகாமல் இருந்தவர்கள் யாரும் 71-இல் சாகவில்லையா? என்னோடு பணி செய்து, ஓய்வு பெற்ற இரண்டே வருஷத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தபடி போனவர்களின் பெயரை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். அவர்கள் பணிக்கொடை மனையாகத்தான் இருக்கிறது. அந்த மனையைப் பிரிப்பதில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதும் உங்களுக்குத் தெரியும்.

"ஊர் என்ன சொல்லும்? காசி, ராமேஸ்வரம் போய்ட்டு வரலாம்ல?"

காசிக்குத் தாராளமாகப் போகலாம், நானும் போயிருக்கிறேன். ஆனால் வயதானவர்களுக்குக் காசியை மட்டும் ஏன் தாராளமாகத் தருகிறீர்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? அது புறப்பட்டுப் போவதற்கான ஒத்திகை. இன்னும் இருபது வருஷம் வாழக்கூடிய ஆளை, அறுபது ஆனதும் ஒத்திகைக்கு அனுப்பிவிடுகிறோம். பெண் என்றால் அதற்கும் முன்னாலேயே. 2017-இல் கோயம்புத்தூரிலிருந்து பெண்கள் ஒரு குழுவாக மியான்மர் வழியாக லண்டன் வரை கார் ஓட்டிப் போனார்கள். ஊர் என்ன சொன்னது? போகும்வரை ஒரு மாதிரி சொன்னது, போய் வந்ததும் மேடை போட்டு மாலை போட்டது. ஊர் எப்போதும் அப்படித்தான்.

இனி நான் கேட்பது.

சொந்தபந்தங்களுக்கு: இனிமேல் "ஆபத்து" என்று சொல்ல வருகிறவர்கள் எந்த நாடு, எந்தச் சாலை, எந்த மாதம், என்ன ஆபத்து என்று நாலையும் சேர்த்துச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் வழியை மாற்றிக்கொள்கிறேன், ஒரு ஊரை விட்டுவிடவும் தயார். நாலில் ஒன்று குறைந்தாலும் அது கருத்து இல்லை, வெறும் சத்தம்.

மாணவர்களுக்கு: ஆசீர்வாதம் நான்தான் உங்களுக்குச் செய்ய வேண்டும், உங்களிடம் எனக்கு வேண்டியது உதவி. நைரோபி, தார் எஸ் சலாம், லுசாகா, கபரோனே பக்கம் வேலையில் இருக்கிற நம் பிள்ளைகள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். மெக்கானிக் வேலை பார்க்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளக்கடைக்கு வாருங்கள். பெல்ட், ஃபில்டர், டீசல் லைன் மாற்ற எனக்கும் கற்றுத்தர வேண்டும், அவர் ஒருவருக்குத் தெரிந்தால் போதாது. மருத்துவம் படித்தவர்கள் நாங்கள் எடுத்துப்போகும் மருந்துப் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுங்கள். இப்போது பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள் உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆப்பிரிக்காவைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி எழுதி வாங்கி அனுப்புங்கள். கூகுளில் கிடைக்கிற கேள்வி வேண்டாம், போனால்தான் தெரியும் என்கிற கேள்வியாக இருக்கட்டும்.

மதிய உணவு முடிந்தால் வெள்ளக்கடையில் எங்கள் வீட்டுத் திண்ணை எப்போதும் காலி. வந்து நேரில் சண்டை போட விரும்புகிறவர்கள் வரலாம். காபி உண்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
வெள்ளக்கடை, ஏற்காடு